நசுங்கிய சைக்கிளை எடைக்குப் போடாதீர்கள்

"தெரியவே இல்லீங்க சார், லைட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல." தருமபுரியில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். இரவில் சைக்கிள்மீது வண்டி மோதிய வழக்கென்றால் எதிர்த்தரப்பு முதலில் சொல்வது இதைத்தான். பல சமயம் அது பொய்யும் இல்லை.

60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஆளைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். நிற்க இன்னொரு 20 மீட்டர் வேண்டும். டிம் லைட்டில் மண் நிறச் சட்டை அவ்வளவு தூரத்தில் கண்ணில் படுவது கஷ்டம். எதிரே ஒருவர் ஹைபீமில் வந்தால் சுத்தம்.

சரி, வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் ஏன் வந்தார்? விடியற்காலையில் பாலக்கோடு ரோட்டில் பால் கேன் கட்டிய சைக்கிள் வரும் என்பது தெரியாதா என்ன?

லைட் இல்லை என்பதாலேயே சைக்கிள்காரர் தலையில் பழி விழாது. லைட் இல்லாததால்தான் மோதல் நடந்தது என்று, அதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால் இழப்பீட்டுப் பணம் குறையும்: தவறில் சைக்கிள்காரர் பங்கு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் எழுதினால் 10 லட்சம் 8 லட்சமாகிவிடும்.

ஒரு வழக்கில் "திடீர்னு குறுக்கே திரும்பிட்டார்" என்றார் ஓட்டுநர். சைக்கிள் எங்கே என்று இறந்தவரின் மகனிடம் கேட்டேன். "பாக்கவே முடியல சார், காயலான் கடையில போட்டுட்டோம்." நல்லவேளை, அவன் போனில் ஒரு படம் இருந்தது. முன்சக்கரம் அப்படியே இருக்க, பின்சக்கரம் மட்டும் முன்னோக்கி மடங்கியிருந்தது. மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் உடைந்து ஒற்றை ஸ்குரூவில் தொங்கியது. குறுக்கே திரும்பிய சைக்கிளில் பக்கவாட்டில் அல்லவா அடி விழுந்திருக்கும்? சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் மகஜரில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

அப்புறம் ஒன்று. கேரியரில் கேனோ புல்லுக்கட்டோ ஏறினால் மட்கார்டு ரிஃப்ளெக்டர் மறைந்துபோகும். லாரிக்கு ஒட்டும் சிவப்பு டேப்பை வாங்கிக் கேன்மேலேயே ஒட்டுங்கள், பெடலிலும் ஒரு துண்டு. பெடலில் ஏறி இறங்கும் வெளிச்சம்தான் ஓட்டுநர் கண்ணில் சட்டென்று படும்.