குறட்டைதானே என்று விட்டுவிடாதீர்கள்

கிருஷ்ணகிரியில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, இருபது வயதுப் பையன் ஒருவனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சுதான். இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது.

"ராத்திரியெல்லாம் குறட்டை விட்டான் சார், அசந்து தூங்கறான்னு நெனச்சேன்" என்றார் அம்மா. கூட வந்த நண்பனோ வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை கேட்ட பிறகுதான், "வலி மாத்திரை சார், போலீஸ்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான்.

இந்த வகை போதையை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டோம். இரண்டு மூன்று நிமிடத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மூச்சு மந்தமானது, இன்னொரு ஊசி தேவைப்பட்டது. இந்த மருந்து வேலை செய்வது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். உள்ளே போன போதை அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். அதனால், எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது.

ஹெராயின், மார்ஃபின், டிரமடால், டேபென்டடால் என்ற வலி மாத்திரைகள் போன்றவை மூளையில் மூச்சை இயக்கும் இடத்தை அமுக்கிவிடும். அம்மா கேட்ட குறட்டை அப்படி மூச்சு திணறிய சத்தம்தான். நலோக்சோன் அவற்றை அங்கிருந்து விலக்கிவிடும். சாராயத்துக்கோ தூக்க மாத்திரைக்கோ இது முறிவு மருந்து இல்லை. ஆனால் என்ன சாப்பிட்டான் என்று தெரியாமல் கொடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை.

மூச்சு நின்றால் நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அஞ்செட்டியிலிருந்து மலை இறங்கி எங்களிடம் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? பக்கத்தில் இருப்பது அம்மாவும் நண்பனும்தான், மருந்தோ எங்கள் அலமாரியில் இருக்கிறது. இந்த மருந்து அவர்கள் கைக்கு எட்டவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொன்னது. அமெரிக்காவில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே 2023 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. நம் பக்கம் முதலில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலாவது இருக்கட்டும். போதை மறுவாழ்வு மையத்திலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது, குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்து மருந்தையும் கையில் கொடுத்து அனுப்பலாம். சில மாதம் விட்டிருந்து பழைய அளவையே மறுபடி எடுப்பவர்கள்தான் அதிகம் ஆபத்தில் இருக்கிறார்கள். உடம்பு அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும்.

மருந்து வரும்வரை இதைச் செய்யுங்கள். தட்டி, சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். எழாவிட்டால் 108-க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றாலோ, எப்போதோ ஒன்று வந்தாலோ, தலையைப் பின்னால் சாய்த்து மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு முறை ஊதுங்கள். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியே விட்டுப் போகாதீர்கள்.

அப்புறம் அந்த போலீஸ் பயம். மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது உயிரைக் காக்கத்தான். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, குறைந்த அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு பெற வழி தருகிறது. சிகிச்சை பற்றி விசாரிக்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது. அந்த நண்பனிடமும் ஒரு சீட்டில் அதை எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.