வரைந்தாயிற்று, காட்டவில்லை: வரைபடம் திரைக்கு வராத காரணங்கள்

பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் (கிராஃப்) வரையும் நிரல் ஓடி முடிகிறது. பிழைச் செய்தி இல்லை, வரைபடமும் இல்லை. உடனே வரைவதற்கான நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவத்தான் பலருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது வீண் வேலை. வரைபடம் ஏற்கெனவே நினைவகத்தில் உருவாகியிருக்கும், திரைக்குத்தான் வந்திருக்காது.

நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்ட, பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப், வரைவதையும் காட்டுவதையும் தனித்தனி வேலைகளாகவே வைத்திருக்கிறது. பிளாட் கட்டளை கோடுகளையும் அச்சுகளையும் சேர்த்து வைப்பதோடு சரி. அவற்றைப் படமாக்கி எங்கே அனுப்புவது என்பது 'பேக்எண்ட்' என்ற பகுதியின் பொறுப்பு. டிகே, க்யூடி வகைகள் சாளரம் திறக்கும். 'ஆக்' வகை கோப்பு மட்டுமே எழுதும். திரை இல்லாத லினக்ஸ் சர்வரில் மேட்பிளாட்லிப் தானாகவே ஆக் வகைக்கு மாறிவிடும். அங்கே படத்தைத் திரையில் காட்டச் சொல்லும் ஷோ கட்டளை கொடுத்தாலும் படம் வராது, எச்சரிக்கைகூட வராமல் போகலாம்.

இன்னொரு வழக்கமான குழப்பம்: நிரலைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கும் ஜூபிடர் நோட்புக்கில் தெரிந்த படம், அதே நிரலைத் தனிக் கோப்பாக ஓட்டினால் தெரியாது. நோட்புக் ஒவ்வொரு செல் (நிரல் துண்டு) முடிவிலும் தானே படத்தைக் காட்டிவிடுகிறது. தனிக் கோப்பில் நாம்தான் ஷோ கொடுக்க வேண்டும். சாளரத்தை மூடும்வரை நிரலை நிறுத்திவைப்பதும் அந்தக் கட்டளைதான். ஆர் நிரல்மொழியின் வரைபட நூலகமான ஜிஜிபிளாட்டும் இப்படித்தான். நேரடியாக எழுதினால் படம் வரும். ஃபார் சுழற்சிக்குள் எழுதினால் பிரிண்ட் கொடுத்தால்தான் வரும்.

அதனால் நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான்: ஷோவை எடுத்துவிட்டு, சேவ்ஃபிக் கட்டளை கொண்டு பிஎன்ஜி கோப்பாகச் சேமித்துத் திறந்து பாருங்கள். கோப்பில் படம் சரியாக இருந்தால் தரவைச் சந்தேகிக்க வேண்டாம். எந்த பேக்எண்ட் இயங்குகிறது என்று பாருங்கள்.

கோப்பும் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அச்சுகூட இல்லாத வெள்ளைத் தாளா? அப்படியானால் அநேகமாக ஷோவுக்குப் பிறகு சேமித்திருப்பீர்கள். சாளரத்தை மூடியதும் பழைய படம் போய்விடும். சேவ்ஃபிக் புதிதாக ஒரு வெற்றுப் படத்தை உருவாக்கிச் சேமிக்கும். அச்சுகள் இருந்து கோடு மட்டும் இல்லையா? அப்போது தரவைப் பாருங்கள். கோடு போட இரண்டு புள்ளிகளாவது அடுத்தடுத்து வேண்டும். ஒரே ஒரு மதிப்பு இருந்தாலோ, ஒரு மதிப்பின் இரு பக்கமும் விடுபட்ட மதிப்புகள் இருந்தாலோ எதுவும் தெரியாது. மார்க்கர் (புள்ளிக் குறி) சேர்த்தால் அந்தப் புள்ளி உடனே வெளியே வரும்.

பிளாட்லி போன்ற, பிரவுசரில் படம் காட்டும் நூலகங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே படத்தை வரைவது பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இணையத்திலிருந்து இறங்காவிட்டாலோ, நோட்புக் அதைத் தடுத்தாலோ வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும். அப்போது பைத்தான் பக்கம் தேடிப் பயனில்லை. பிழைச் செய்திகள் பதிவாகும் பிரவுசரின் கன்சோலில்தான் காரணம் எழுதியிருக்கும்.