லத்தீனோ சிறுதொழில்களுக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்ய முடியும்?

டெக்சஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் சிறுதொழில் மேம்பாட்டு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்: வீடுகளுக்குக் கூரை போடுபவர், புல்வெட்டும் குழு ஒன்றை நடத்துபவர், வீட்டில் தமாலே என்ற மெக்சிகோ பலகாரத்தைச் செய்து விற்பவர், இரண்டாவது லாரி வாங்க நினைப்பவர். வங்கி "இல்லை" என்று சொன்ன பிறகுதான் பலர் வருகிறார்கள். அதற்கு முன்பே வந்திருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் "எவ்வளவு கட்டணம்?" என்று கேட்பார்கள். கட்டணம் கிடையாது. பேசுவது வெளியே போகாது.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1976இல் கலிஃபோர்னியாவின் கால் பாலி பொமோனா பல்கலைக்கழகத்தில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1980இல் தனிச் சட்டம் பெற்று நாடு முழுக்கப் பரவியது. இன்று ஆயிரத்தை நெருங்கும் இடங்களில் இந்த மையங்கள் இருக்கின்றன. மத்திய அரசு ஒரு பங்கு பணம் தர, அதற்கு ஈடான பங்கை மாநிலமோ பல்கலைக்கழகமோ போட வேண்டும். சான் அன்டோனியோ, ஹூஸ்டன், லபக் போன்ற ஊர்களின் பல்கலைக்கழகங்கள்தான் டெக்சஸின் பெரும்பகுதியில் இதை நடத்துகின்றன. சான் அன்டோனியோ பல்கலைக்கழகம் இந்த மாதிரியை மெக்சிகோவிலும் எல் சால்வடாரிலும் அமைக்கவும் உதவியது. அதனால் தங்கள் சொந்த நாட்டிலேயே இப்படியொரு மையத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களும் உண்டு.

சரி, நாங்கள் என்னதான் செய்கிறோம்?

பெரும்பாலும் காகித வேலை. கூரை போடுபவருக்குக் கைநிறைய வேலை இருக்கும், வருமானமும் நன்றாக இருக்கும். ஆனால் தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கிடக்கும். டீசலும் மகளின் பள்ளிச் செலவும் ஒரே அட்டையில் போயிருக்கும். வரி தாக்கல் செய்பவர், வரி குறையட்டும் என்று எல்லாச் செலவையும் கழித்து லாபத்தை மிகச் சிறியதாகக் காட்டியிருப்பார். அந்த வருடம் வாடிக்கையாளருக்கு அது மகிழ்ச்சிதான். அப்புறம் லாரிக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கி கடைசி இரண்டு, மூன்று வருட வரிப் படிவங்களை வாங்கிப் பார்த்து, "இந்த லாபத்தில் தவணை எப்படிக் கட்டுவீர்கள்?" என்று கேட்கும். கையில் ஓடிய பணத்துக்கு அங்கே சாட்சி இல்லை. இதைச் சரிசெய்ய ஒரு மந்திரமும் கிடையாது. இன்றே தனிக் கணக்குத் தொடங்க வேண்டும், மாதாமாதம் வரவு செலவு எழுத வேண்டும், அடுத்த இரண்டு வருடம் உண்மையான லாபத்தைக் காட்டி வரி கட்ட வேண்டும். கேட்பவர் முகம் வாடும். ஆனாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த இரண்டு வருடம் காத்திருக்க முடியாதவர்களை வேறொரு கூட்டம் பிடித்துக்கொள்கிறது. "நாளையே பணம், வங்கி வேண்டாம்" என்று ஸ்பானிஷில் தொலைபேசி வரும். உதாரணத்துக்கு 40,000 டாலர் கொடுப்பார்கள். திருப்பிக் கட்ட வேண்டியது 56,000. தினமும் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள், எட்டே மாதத்தில் முடிய வேண்டும். வட்டி விகிதம் என்ற ஒன்றைக் காகிதத்தில் எங்கும் காண முடியாது. "இது கடன் அல்ல, உங்கள் வருங்கால விற்பனையை நாங்கள் வாங்குகிறோம்" என்பார்கள். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். கலிஃபோர்னியா 2018இல் சட்டம் போட்டு, இப்படிப்பட்ட கடன்களின் உண்மையான ஆண்டுச் செலவைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்றது. எங்களிடம் வருபவர் கையெழுத்துக்கு முந்தின நாள் வந்தால் அரை மணி நேரத்தில் அவரைக் காப்பாற்றிவிடலாம். பிறகு வந்தால் மாதக்கணக்கில் போராட வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் வாருங்கள் என்பதைத்தான் தேவாலய அரங்குகளிலும் நூலகங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

தேவாலயத்தில் போய்ப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நுழையவே தயங்குபவர்கள் ஏராளம். காரை எங்கே நிறுத்துவது என்பதில் தொடங்கி, காவலாளி ஏதாவது கேட்பாரோ என்பது வரை பயம். மையம் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகாவிட்டால், அது இருந்தும் பயனில்லை.

இந்த மக்களுக்குப் பண ஒழுக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தாந்தா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், நம் ஊர்ச் சீட்டுப் போலவே. பத்துப் பேர் சேர்ந்து வாராவாரம் பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். வருடக்கணக்கில் ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கி பார்க்கும் கிரெடிட் ஸ்கோரில் அதற்கு மதிப்பு பூஜ்யம். சான் ஃபிரான்சிஸ்கோவில் மிஷன் அசெட் ஃபண்ட் என்ற அமைப்பு தாந்தாவை முறையான கடனாகப் பதிவு செய்து, ஒவ்வொரு தவணையையும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சீசர் சாவேஸ் ஆய்வு மையம் அதை மதிப்பிட்டு, பங்கேற்றவர்களின் ஸ்கோர் நன்றாக உயர்ந்திருப்பதைக் காட்டியது. 2014இல் கலிஃபோர்னியா அரசு இத்தகைய வட்டியில்லாச் சிறுகடன்களைச் சட்டத்தில் அங்கீகரித்தது. ஒரு பல்கலைக்கழக மையம் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். மக்கள் ஏற்கெனவே செய்துவருவதை அளந்து, ஆதாரமாக்கி, சட்டம் இயற்றுபவர் மேசையில் வைக்க வேண்டும்.

ஏனென்றால் காகிதம் சரியானாலும் எல்லாம் சரியாகிவிடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லத்தீனோ தொழில்முனைவோர் ஆய்வுத் திட்டம் 2015 முதல் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. 2020 அறிக்கையில், தேசிய வங்கிகளிடம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் கேட்ட லத்தீனோ நிறுவனங்களில் சுமார் 20 சதவீதத்துக்குத்தான் கிடைத்தது, வெள்ளையர் நிறுவனங்களில் பாதிக்குக் கிடைத்தது என்று வந்தது. தொழிலின் செயல்திறனைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி மறையவில்லை. அந்த அறிக்கை வரும்வரை "உங்கள் வாடிக்கையாளர்கள் கணக்கை ஒழுங்காக வைத்தால் கடன் கிடைக்கும்" என்ற பதிலுக்கு எதிராக வைக்க என்னிடம் எண்கள் இல்லை. ஒரு ஆலோசகர் தன் மேசையில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பார்க்க முடியும். ஆயிரக்கணக்கான நிறுவனங்களைச் சேர்த்துப் பார்க்க ஆராய்ச்சியாளர் வேண்டும்.

பேரிடர்க் காலத்தில் இது வெட்டவெளிச்சமானது. 2020 ஏப்ரலில் கோவிட் நிவாரணக் கடனுக்கு ஒதுக்கிய 34,900 கோடி டாலரும் இரண்டு வாரத்துக்குள் தீர்ந்தது. வங்கிகள் வழியாகப் போனதால் வங்கியோடு ஏற்கெனவே பழக்கம் இருந்தவர்களே வரிசையில் முன்னால் நின்றார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் படிவத்தைப் புரிந்துகொள்வதற்குள் முதல் சுற்று முடிந்துவிட்டது.

தொழில் மட்டுமல்ல, படித்தவர்களின் நிலையும் உண்டு. கொலம்பியாவில் மருத்துவராக இருந்தவர் லாஸ் ஏஞ்சலிஸில் முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருப்பார். அந்த ஊரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யுசிஎல்ஏ) 2007 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. லத்தீன் அமெரிக்காவில் படித்த, ஸ்பானிஷ் பேசும் மருத்துவர்களுக்கு உரிமத் தேர்வுக்குப் பயிற்சி தந்து, குடும்ப மருத்துவப் பயிற்சியில் சேர உதவுகிறது. பதிலுக்கு அவர்கள் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் சில ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி மருத்துவர்களாகியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா மக்கள்தொகையில் சுமார் 40 சதவீதம் லத்தீனோக்கள் இருந்தும் அவர்கள் மொழி பேசும் மருத்துவர் கிடைக்காத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

பெர்க்லி பல்கலைக்கழக மையம் ஒன்று 1999இல் கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கின் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களோடு சேர்ந்து தொடங்கிய ஆய்வையும் சொல்ல வேண்டும். சுமார் 600 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த குழந்தைகளை இளமைப்பருவம் வரை தொடர்ந்தார்கள். கருவிலேயே பூச்சிமருந்தின் தாக்கம் அதிகமிருந்த குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சோதனை மதிப்பெண் குறைவாக இருந்தது தெரியவந்தது. குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிமருந்தின் விற்பனை 2020இல் கலிஃபோர்னியாவில் நிறுத்தப்பட்டதற்குப் பின்னால் இருந்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

இவற்றில் எதையும் பல்கலைக்கழகங்கள் தாமாக முன்வந்து தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினார்கள். அப்படிப்பட்ட போராட்டங்களுக்குப் பிறகுதான் யுசிஎல்ஏவில் சிகானோ (மெக்சிக்க அமெரிக்கர்) ஆய்வு மையம் 1969இல் வந்தது. நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையம் 1973இல் வந்தது.

இப்போது கவலை நிதியைப் பற்றியது. மத்திய அரசின் சிறுபான்மைத் தொழில் மேம்பாட்டு முகமை 1969இல் நிக்சன் காலத்தில் தொடங்கியது. இனத்தை மட்டும் வைத்துப் பின்தங்கியவர் என்று கருதக்கூடாது என டெக்சஸ் மத்திய நீதிமன்றம் ஒன்று 2024 மார்ச்சில் அதற்குத் தடை போட்டது. 2025 மார்ச்சில் அந்த முகமையையே சுருக்க உத்தரவு வந்தது. இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 சதவீதம் லத்தீனோக்கள் இருக்கும் கல்வி நிறுவனங்களுக்கான போட்டி மானியங்களையும் கல்வித்துறை 2025 செப்டம்பரில் நிறுத்தியது. இதர சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கானதையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 35 கோடி டாலர். மானியம் நின்றால் முதலில் போவது ஸ்பானிஷ் பேசும் பகுதிநேர ஆலோசகர்தான். கட்டடமும் பெயர்ப்பலகையும் கடைசிவரை இருக்கும்.

அமெரிக்காவில் கடையோ உணவகமோ நடத்தும் தமிழர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். சிறுதொழில் மேம்பாட்டு மையங்கள் எல்லோருக்கும் திறந்தவை, உங்களுக்கும்தான். உங்கள் சமையலறையில் வேலை செய்யும் லத்தீனோ நண்பர் தனியாக உணவு வண்டி போட நினைக்கிறார் என்றால் அருகிலுள்ள மையத்தின் முகவரியை அவருக்குக் கொடுங்கள். முதல் சந்திப்புக்குப் பெரிய திட்ட அறிக்கை எதுவும் வேண்டாம். கடைசி இரண்டு வருட வரிப் படிவம், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது கொடுத்த காகிதம் இருந்தால் அதுவும் கொண்டுவரட்டும். தொழிலுக்கான வரி எண்ணை வருவாய்த்துறை இலவசமாகத் தருகிறது, அதற்காக எந்த முகவருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். வரிப் படிவமே இதுவரை தாக்கல் செய்ததில்லை என்றாலும் வரலாம். பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.