வாழ்நாளுக்கு என்ன எதிர்பார்ப்பு?

பெண் பார்க்க வருகிறவர்கள் "எங்களுக்குப் பெரிசா எதிர்பார்ப்பு ஒண்ணும் இல்லை" என்பார்கள். காப்பி ஆறுவதற்குள் எத்தனை பவுன் என்று கேட்பார்கள். தமிழில் எதிர்பார்ப்பு என்றால் அதுதான். யாரோ ஒருவர் மனத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசை. அதைக் கொண்டுபோய் ஆயுளோடு ஒட்டி, ஆங்கில 'லைஃப் எக்ஸ்பெக்டன்சி'க்கு 'ஆயுள் எதிர்பார்ப்பு' என்று எழுதுகிறார்கள்.

போன வாரம் பிழை பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: "1990களின் நடுவில் 65 வயது டேனிஷ் பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 18 ஆண்டுக்கும் குறைவு, ஸ்வீடன் பெண்களின் எதிர்பார்ப்போ 20 ஆண்டை நெருங்கியது." டென்மார்க்கின் கோபன்ஹேகன் பாட்டிகள் போதுமென்ற மனத்தோடு இருந்தது போலவும், நீரிணைக்கு அந்தப் பக்கம் ஸ்வீடனின் மால்மோ பாட்டிகள் பேராசைப்பட்டது போலவும் இல்லையா?

அந்த 'எக்ஸ்பெக்டன்சி'யின் பிறப்பு சூதாட்டத்தில். டச்சுக் கணிதர் ஹைகன்ஸ் 1657இல் பகடைக் கணக்கு பற்றி எழுதியது லத்தீனுக்குப் போனபோது, ஓர் ஆட்டத்தின் நியாயமான மதிப்புக்கு 'எக்ஸ்பெக்டாட்சியோ' என்று பெயர் வைத்தார்கள். 1669இல் அவரும் தம்பியும் லண்டன் இறப்புக் கணக்கை வைத்து அதே கணக்கை ஆயுளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆக அது ஒரு சராசரி. இந்த ஆண்டின் இறப்பு வீதங்கள் இப்படியே தொடர்ந்தால், இந்த வயதுக்காரருக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்ற கணக்கு. எவருடைய ஆசையும் அதில் இல்லை.

டென்மார்க் கதையே இதற்குச் சாட்சி. 1950களில் இரு நாட்டுப் பெண்களும் ஏறக்குறைய சமம். 1970களின் பிற்பகுதி முதல் 1990களின் நடுப்பகுதிவரை ஸ்வீடனில் எண் ஏறிக்கொண்டே போக, டென்மார்க்கில் அப்படியே நின்றது. பிறப்பிலிருந்து கணக்கிட்டால் இடைவெளி 3 ஆண்டுக்கும் மேல். முக்கியக் காரணம் சிகரெட். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் பிறந்த டேனிஷ் பெண்கள் ஏராளமாகப் புகைத்தார்கள். அவர்கள் முதுமைக்குள் நுழைந்தபோது அந்தப் புகை இறப்புக் கணக்கில் ஏறியது. அந்தத் தலைமுறை மறைய மறைய எண் மறுபடி ஏறிவிட்டது. இதில் யார், எதை எதிர்பார்த்தார்கள்?

சரி, 'சராசரி ஆயுட்காலம்' என்று எழுதினால் என்ன என்பார்கள். பிறப்பிலிருந்து கணக்கிடும்போது தொலையட்டும், ஓடும். ஆனால் "65 வயதுப் பெண்களின் ஆயுட்காலம் 18 ஆண்டு" என்று எழுதிப் பாருங்கள். நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர்கள்! ஆயுள் வடமொழி என்பது எனக்குப் பெரிய குறை இல்லை. என் பாட்டி 'ஆயுசு நூறு' என்றுதான் வாழ்த்தினாள். ஆனால் வாழ்நாள் குறளிலேயே இருக்கும்போது அதை விடுவானேன்?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'வாழ்வெச்சம்' என்றார். எஞ்சு, எச்சம், எல்லாம் இலக்கணப்படி சரி. பள்ளிப் பிள்ளையிடம் சொன்னால் காக்கை எச்சம்தான் ஞாபகம் வரும். சொல்லாக்கக்காரர்கள் சொல்லைச் செய்துவிட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதே இல்லை.

என் ஓட்டு 'சராசரி எஞ்சிய வாழ்நாள்'. 65 வயதில் எஞ்சிய வாழ்நாள் 18 ஆண்டு என்றால் கூட்டல் தெரிந்த எவருக்கும் புரியும். அந்த மொழிபெயர்ப்பைத் திருத்தி அனுப்பினேன். "தலைப்பில் இடம் போதவில்லை ஐயா, எதிர்பார்ப்பு என்றே இருக்கட்டுமா?" என்று பதில் வந்தது. 'எஞ்சிய வாழ்நாள்' எழுத்தெண்ணிப் பார்த்தால் 'ஆயுள் எதிர்பார்ப்பு'வை விடச் சின்னது, தம்பி.