பியானோக் கலைஞரின் சுருண்ட இரண்டு விரல்கள்

வலது கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளங்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். கட்டைவிரல் எழும், ஆள்காட்டி விரல் எழும், சுண்டு விரலும் எழும். மோதிர விரல் மட்டும் பசை போட்டு ஒட்டியது போலக் கிடக்கும்.

இப்போது இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டுங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே தசை உருள்வது தெரியும். விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு போல மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்கு வருகின்றன. புறங்கையில் இந்தக் கயிறுகளைக் குறுக்கு இழைகள் ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கின்றன. மோதிர விரல் தனியே எழ முடியாமல் தவிப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

பிறவியிலேயே இப்படிப் பிணைந்து கிடக்கும் விரல்களை வைத்துக்கொண்டுதான் ஒரு பியானோக் கலைஞர் ஒரு நொடிக்குள் பத்துக் கட்டைகளைக்கூடத் தனித்தனியாக, வேறு வேறு அழுத்தத்தில் தட்டுகிறார். இதில் பெரும்பங்கு வேலை மூளையினுடையது. ஒரு விரலுக்குப் ‘போ’ என்று சொல்லும் அதே கணத்தில், பக்கத்து விரல்களிடம் ‘சும்மா இரு’ என்றும் அது சொல்லியாக வேண்டும். இந்த இரண்டாவது கட்டளை பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு லியோன் ஃப்ளைஷர் என்ற அமெரிக்கப் பியானோக் கலைஞரின் வாழ்க்கையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1928-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஆர்தர் ஷ்னாபெல் என்ற புகழ்பெற்ற பியானோக் கலைஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஷ்னாபெலின் குரு லெஷெடிட்ஸ்கி, அவருடைய குரு செர்னி, செர்னியின் குரு பீத்தோவன். பரம்பரை என்றால் இது! 16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் வாசித்தார். ‘இந்த நூற்றாண்டின் பியானோக் கண்டுபிடிப்பு’ என்று இசை நடத்துநர் பியர் மோன்டோ அவரைப் புகழ்ந்தார். 1952-இல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் முதல் பரிசு. அப்புறம் ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லாந்து இசைக்குழுவுடன் அவர் பதிவுசெய்த பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களை (இசைக்குழுவோடு சேர்ந்து ஒரு தனிக்கலைஞர் வாசிக்கும் படைப்புகளை) இன்றும் தேடிக் கேட்கிறார்கள்.

1964-வாக்கில் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அவர் பேச்சைக் கேட்க மறுத்தன. கட்டைமேல் கை வைத்தால் இரண்டும் உள்ளங்கையை நோக்கிச் சுருண்டுகொண்டன. சரியாகிவிடும் என்று இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தார். இன்னும் மோசமானது. 1965-இல் சோவியத் நாட்டுக்குப் போகவிருந்த பெரிய இசைப் பயணத்திலிருந்து விலக நேர்ந்தது.

இந்தக் கோளாறின் பெயர் டிஸ்டோனியா. ஒரு குறிப்பிட்ட நுண்ணிய வேலையின்போது மட்டும் தலைகாட்டும் வகை இது. பெரும்பாலும் வலி கிடையாது. எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றையும் சோதித்தாலும் கையில் பழுது அகப்படாது. பியானோவின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் விரல் மடங்கிக்கொள்ளும்.

மூளைப் புறணியில் ஒவ்வொரு விரலின் தொடுவுணர்வுக்கும் தனித்தனி இடம் உண்டு, ஒரு வரைபடம் போல. அதிகம் புழங்கும் விரலுக்கு இடம் விரியும். தேர்ச்சி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே கை அசைவை வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்யப் பழக்கிய குரங்குகளுக்கு அந்த வரைபடத்தின் எல்லைகள் அழிந்து, ஒரு விரலின் இடம் இன்னொன்றோடு கலந்துபோனது தெரிந்தது. டிஸ்டோனியா வந்த இசைக்கலைஞர்களின் மூளையை அளந்தபோதும், விரல்களுக்கான இடங்கள் வழக்கத்தைவிட நெருங்கியிருந்தன. எந்த விரல் எது என்ற தெளிவு மங்கிவிட்டது. ‘சும்மா இரு’ என்ற கட்டளையும் பலவீனமாகிவிட்டது. அதனால்தான் கூடுதல் பயிற்சி ஃப்ளைஷருக்கு மருந்தாகாமல் போனது. கடுமையாகப் பயிலும் எல்லோருக்கும் இது வருவதில்லை. பரம்பரையாக வரும் தன்மைக்கும் பங்கு உண்டு. தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு வரலாம் என்பது மதிப்பீடு.

மனதைப் பிசையும் விஷயம், கால் நூற்றாண்டுக்கு மேல் ஃப்ளைஷருக்குத் தன் நோயின் பெயரே தெரியாது என்பதுதான். அந்த ஆண்டுகளில் பால்டிமோரின் பீபடி இசைக்கல்லூரியில் கற்பித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையை வாசித்தார். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பவுல் விட்கென்ஸ்டைன் என்ற பியானோக் கலைஞர் கேட்டுக்கொண்டதற்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இயற்றிய கான்செர்ட்டோ அதில் முக்கியமானது.

1990களில் ஃப்ளைஷருக்கு போட்டாக்ஸ் ஊசி போட்டார்கள். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்தால்தான் தசை சுருங்கும். போட்டாக்ஸ் அதை வெளிவர விடாது. மிகையாகச் சுருங்கும் தசைக்குள் கொஞ்சமாகச் செலுத்தினால் பிடி தளர்ந்து விரல் நிமிரும். அளவு கூடினால் கட்டையைத் தட்டவே வலு இருக்காது. அதோடு, உடலை ஆழமாக அழுத்தித் தளர்த்தும் ஒருவகைச் சிகிச்சையும் எடுத்துக்கொண்டார். மெல்ல விரல்கள் விரிந்தன.

2004-இல் ‘இரு கைகள்’ என்ற பொருள் தரும் தலைப்பில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இசையமைப்பாளர் பாக்கின் அமைதியான இசையோடு தொடங்கி, ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட நீண்ட பியானோப் படைப்பு) வரை போகிறது. வலது கையின் மெட்டை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். எந்த இடத்திலும் அவசரம் இல்லை. மூளையின் வரைபடம் முழுதாகத் திருந்தியிருக்கவில்லை. மருந்து தசையில் மட்டும்தான் வேலை செய்கிறது; மூன்று நான்கு மாதங்களில் நரம்பு முனைகள் மீண்டுவிடும், விரல்கள் திரும்பவும் சுருளப் பார்க்கும். அப்போது மறுபடி முன்கையில் ஊசி போட்டுக்கொண்டு, மறுபடி மேடையேறினார்.