மில்லிகிராம் மட்டும் போதாது

ஆஸ்துமாவுக்குத் தரும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்தை இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம். மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் திணறும் மூச்சைச் சில நிமிடங்களில் சீராக்குவது அந்தத் துளியூண்டுதான். காரணம், அது நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வரவேண்டும். போகிற வழியில் கைநடுக்கம், படபடப்பு என்று வேண்டாத வேலைகளையும் செய்துவிடும்.

அதனால் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். எந்த வழியாக என்பது மீதிப் பாதி.

விழுங்கிய மருந்து பெரும்பாலும் சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. அந்த ரத்தம் உடனே இதயத்துக்குப் போகாது, முதலில் கல்லீரலுக்குள் நுழையும். மருந்து, நஞ்சு என்ற பேதமெல்லாம் கல்லீரலுக்குக் கிடையாது. வெளியிலிருந்து வந்த ரசாயனமா, உடைத்துப் போடு, அவ்வளவுதான். மார்பு வலிக்கான நைட்ரோகிளிசரினை விழுங்கினால் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தால், அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் கல்லீரலைத் தொடாமலே அதை இதயத்துக்குக் கொண்டுபோகும். ஓரிரு நிமிடங்களில் வேலை தொடங்கும். கடும் வலிக்கான மார்ஃபினை வாய்வழி தரும்போது ஊசியில் தருவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தருவதும் கல்லீரலில் இப்படி அழிவதை ஈடுகட்டத்தான்.

இன்சுலின் கதை வேறு. அது ஒரு புரதம். விழுங்கினால் மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடும், அதனால்தான் தோலுக்கு அடியில் ஊசி. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வான்கோமைசின். இந்த ஆன்டிபயாடிக்கைக் குடல் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. ரத்தத்தில் தொற்று என்றால் நரம்பில்தான் ஏற்ற வேண்டும். ஆனால் குடலிலேயே கிருமி இருந்தால்? அப்போது வாய்வழிதான் சரியான வழி. உறிஞ்சப்படாததே அங்கே வசதியாகிவிடுகிறது.

மாத்திரையின் உருவமும் வழியின் ஒரு பகுதிதான். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்த மாத்திரையை, விழுங்கச் சிரமம் என்று பொடித்துக் கொடுத்தால், ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே இறங்கிவிடும். பொடிப்பதற்கு முன் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். குழந்தைகளுக்குப் பாரசிட்டமால் வயதைவிட எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம். 12 கிலோ குழந்தைக்கு மருத்துவர் 180 மில்லிகிராம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்றால் 7.5 மில்லி ஊற்ற வேண்டும். 5 மில்லிலிட்டரில் 250 இருக்கும் சிரப் என்றால் 3.6 மில்லி போதும். ஒரு மில்லிலிட்டருக்கே 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்து என்றால் வெறும் 1.8 மில்லி. போன தடவை 7.5 மில்லி கொடுத்தோமே என்ற நினைவில் சொட்டு மருந்தை அதே அளவு ஊற்றினால் 750 மில்லிகிராம் போய்விடும். நான்கு மடங்குக்கும் மேல்! இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிஞ்சுக் கல்லீரல் தாங்காது.

அதனால் பாட்டிலை மாற்றும்போதெல்லாம் 'ஒவ்வொரு 5 மில்லிலிட்டரிலும்' அல்லது 'ஒவ்வொரு மில்லிலிட்டரிலும்' என்று தொடங்கும் வரியைத் தேடிப் படியுங்கள். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, அது வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்ச் இருந்தால் நல்லது. அளவு மூடிதான் இருக்கிறது என்றால் கையில் தூக்கிப் பிடிக்காமல் மேசைமேல் வைத்து ஊற்றுங்கள். அப்புறம் குனிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் கோடு வேறிடத்தில் தெரியும்.