பிராண்ட்: சூடு போடுவதும் சூடிக்கொள்வதும்

எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் பையன்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் ஜெர்ஸி. அண்ணன்மார் ஆடிய காலத்திலிருந்து அதே மஞ்சள்தான். போன வருஷம் மனை விற்கும் ஒருவர் செலவை ஏற்றுக்கொள்ள வந்தார். பந்து, பூட்ஸ், வெளியூர் ஆட்டத்துக்கு வேன் வாடகை எல்லாம் அவர் பொறுப்பு. பதிலுக்கு, ஜெர்ஸி அவருடைய நிறுவனத்தின் கருநீலத்துக்கு மாற வேண்டும். அணியின் பெயருக்கு முன்னால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். "தம்பி, இனிமே இது வெறும் டீம் இல்ல, ஒரு பிராண்ட்" என்றார். வெளியே வந்ததும் டிஃபென்ஸ் ஆடும் பையன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, பிராண்டுன்னா தமிழ்ல என்ன?"

வணிகக்குறி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

ஆங்கிலத்தில் பிராண்ட் என்பது முதலில் கொள்ளிக்கட்டை. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் பிராண்ட் என்றால் பற்றி எரியும் தீதான். காய்ச்சி வடித்த மதுவை டச்சுக்காரர்கள் 'எரித்த ஒயின்' என்ற பொருளில் பிராண்டவெய்ன் என்றார்கள். அது ஆங்கிலத்தில் சுருங்கி நமக்குப் பிராந்தி ஆனது. கடலூரிலிருந்து போகும்போது புதுச்சேரி எல்லை தொடங்கியதும் கண்ணில் படுகிற பிராந்திக்கடையும், பையன்களின் நெஞ்சில் ஏறவிருந்த பிராண்டும் ஒரே கொள்ளியில் பற்றிய சொற்கள்.

அப்புறம் அந்தச் சொல், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடும் சூட்டுக்கு வந்தது. மாட்டுக்குப் போட்டார்கள். குற்றவாளிகளுக்கும் அடிமைகளுக்கும் போட்டார்கள். மதுப் பீப்பாய்களின் மரத்தில் சுட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது சரக்கின் வணிகக்குறியைச் சுட்டத் தொடங்கி, பிறகு அந்தக் குறியின் பின்னால் இருக்கும் மதிப்புக்கும் பெயராகிவிட்டது. பொருள் எவ்வளவு மாறினாலும் ஒன்று மாறவில்லை. சூடு போடுகிறவர் உடைமைக்காரர். சூடு வாங்குவது உடைமை. மாட்டைக் கேட்டு யாரும் சூடு போட்டதில்லை.

தமிழுக்கு இந்தப் பொருள் புதிது இல்லை. நம்மிடம் பொறி என்றொரு சொல் இருக்கிறது. தீப்பொறியும் பொறிதான், கொடியிலும் காசிலும் இருந்த அடையாளமும் பொறிதான். நெருப்பும் குறியும் ஒரே சொல்லுக்குள் வருவது எனக்குப் பெரிய வியப்பு. பட்டினப்பாலையில் சோழனின் சுங்க அலுவலர்கள் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்குகள்மேல் "புலி பொறித்து" வெளியே அனுப்புகிறார்கள். குவிந்து கிடக்கும் மூட்டைகள், அவற்றின்மேல் அரசனின் புலி. உடைமையும் அதிகாரமும் பொருளின் உடம்பில் பதிகிற இடம் அது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது, இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த செந்நிற மட்கலத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் செய்தவரின் பெயர் முத்திரையாகக் குத்தியிருந்தது. சுமார் 2,000 வருஷத்துக்கு முந்திய பிராண்ட், நம் மண்ணுக்குள்ளே.

சரி, இன்றைக்கு எந்தச் சொல்லை எடுப்பது? கடைத்தெருவில் நம் தாத்தாக்கள் 'மார்க்' என்றே சொன்னார்கள். குதிரை மார்க், சேவல் மார்க். இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் இரவல். இலச்சினை அழகான சொல், வடமொழி வழி வந்தது. மன்னர் ஆவணத்துக்குப் பொருந்தும் அளவுக்குச் சோப்புக் கட்டிக்குப் பொருந்தாது. முத்திரையில் வேறு சிக்கல். 'முத்திரை குத்துவது' என்றால் நம் பேச்சில் ஒருவரைப் பற்றி முன்கூட்டியே முடிவு கட்டுவது. வணிகக்குறி சரக்கின் மேலிருக்கும் அடையாளத்துக்குச் சரி, ஆனால் அதில் சூடு இல்லை. என் தேர்வு வணிகப்பொறி. பொறி என்றால் இயந்திரம் என்ற நினைப்பு முதலில் வரும், தெரியும். புழங்கினால் பழகிவிடும்.

பேர் என்ற சொல்லை இதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பண்ருட்டிப் பலாவுக்குப் பேர் உண்டு. அதை எந்த முதலாளியும் சூட்டுக்கோலால் போடவில்லை. தின்றவர்கள் சொல்லிச் சொல்லி வந்தது. பொறி போடுகிறவனுடையது, பேர் ஊர் தருவது. கால்பந்துக் கிளப்பின் சின்னமும் நிறமும் இந்த இரண்டாவது வகை. அதை வாங்கிவிட்டதாக நினைத்து முதல் வகையாக நடத்தும்போதுதான் சண்டை வருகிறது.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக நீல ஜெர்ஸி, செல்லப்பெயர் நீலப்பறவைகள். அதன் உரிமையாளரான மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012இல் ஜெர்ஸியைச் சிவப்பாக்கினார். ஆசியச் சந்தையில் சிவப்பு எடுபடும் என்பது கணக்கு. சின்னத்தில் பெரிய சிவப்பு டிராகன் உட்கார்ந்தது, நீலப்பறவை அடியில் சிறுத்துப்போனது. இதில் என்னை மிகவும் வருத்துவது, அந்தச் சிவப்பிலேயே அணி 2013இல் இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகுக்கு ஏறியது. பல பத்தாண்டுகளாகக் காத்திருந்த மகிழ்ச்சி, தங்களுடையது இல்லாத நிறத்தில் வந்து நிற்கிறது. கைதட்டுவதா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா? அந்த இக்கட்டில் ஒரு ரசிகனை நிறுத்துவது பெரிய கொடுமை. எதிர்ப்பு ஓயவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது.

இங்கிலாந்தின் ஹல் சிட்டி கிளப்பின் கதை நம் பழமொழிக்கு நேராக வருகிறது. மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஜெர்ஸியால் அவர்களுக்குப் 'புலிகள்' என்ற பேர் தானாக வந்தது. 2013இல் உரிமையாளர் அசெம் அல்லாம் கிளப்பின் பெயரையே ஹல் டைகர்ஸ் என்று மாற்ற நின்றார். உலகச் சந்தைக்கு அதுதான் ஏற்றது என்றார். ரசிகர்கள் எதிர்த்தார்கள், 2014இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மறுத்துவிட்டது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்களே, இங்கே ஏற்கெனவே புலியாக இருந்ததற்கே சூட்டுக்கோலைக் காய்ச்சினார்கள்.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் 2005இல் ரெட் புல் என்ற பான நிறுவனம் ஊர்க் கிளப்பை வாங்கி, ஊதாவை எடுத்துவிட்டுத் தன் சிவப்பையும் வெள்ளையையும் கொண்டுவந்தது. ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறி, பழைய பெயரில், பழைய ஊதாவில், அடிமட்டத்திலிருந்து தனிக் கிளப் தொடங்கினார்கள். ஜெர்மனியின் லைப்சிக்கில் 2009இல் அதே நிறுவனம் இறங்கியபோது, கிளப்பின் பெயரில் நிறுவனப் பெயர் வரக்கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. உடனே 'புல்தரைப் பந்தாட்டம்' என்று பொருள்படும் ராசன்பால்ஷ்போர்ட் என்ற சொல்லைச் செய்தார்கள். ரெட் புல்லின் ஆர், பி என்ற இரண்டு எழுத்துக்காக ஒரு சொல்லையே வார்த்திருக்கிறார்கள். சொற்களை நேசிக்கிற எவருக்கும் இது மனதை உறுத்தும்.

நம் நாட்டிலேயே கொல்கத்தாவில் நடந்தது. மோகன் பகான் 1889இல் பிறந்த கிளப். 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை எடுத்தது. 2020இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணியான ஏ.டி.கே.யோடு சேர்ந்ததும், 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. அந்த மூன்று எழுத்தை எடு என்று ரசிகர்கள் ஓயாமல் போராடினார்கள். 2023இல் எடுத்தார்கள். எடுத்த இடத்தை வெறுமையாக விடவில்லை, பின்னால் 'சூப்பர் ஜயன்ட்' சேர்ந்தது. ஏ.டி.கே.யை வைத்திருந்த உரிமையாளரின் லக்னோ கிரிக்கெட் அணிக்கும் ஏறக்குறைய அதே பெயர்தான்.

ரசிகன் செய்வதற்கு என்ன சொல்? தமிழில் இன்னொரு சூடு இருக்கிறது. சுடு என்பது சூடு ஆவது பள்ளி இலக்கணத்தில் வரும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். அது வேறு. பூச்சூடு, முடிசூடு என்கிறோமே, அந்தச் சூடு வேறு சொல். சேரர் பனம்பூ, பாண்டியர் வேப்பம்பூ, சோழர் ஆத்திப்பூ. போரில் யார் எந்தப் பக்கம் என்று தெரிவதற்காகப் படைவீரர்கள் இவற்றைச் சூடினார்கள். வேப்பமரம் எந்தப் பாண்டியனுக்கும் சொந்தம் இல்லை, அவன் இறந்த பிறகும் பூத்தது. கிளப்பின் நிறம் அப்படிப்பட்ட பூ. அதை ரசிகன் தானாக எடுத்துச் சூடிக்கொள்கிறான். எங்கள் ஊர்ப் பெயரில் பாதிரிப்பூவும் இருக்கிறது, புலியும் இருக்கிறது. இந்த விளக்கத்தை யோசித்தபோது அது எனக்குத் துணையாக இருந்தது.

இங்கிலாந்தில் 2025இல் வந்த கால்பந்துச் சட்டம், சின்னத்தையும் சொந்த மைதான ஜெர்ஸியின் முக்கிய நிறத்தையும் மாற்றுவதற்கு முன் பெரும்பாலான ரசிகர்களின் ஆதரவு இருக்கிறதா என்று கிளப் அறிய வேண்டும் என்கிறது. கார்டிஃப் மக்களுக்கு அது 2012இலேயே கிடைத்திருக்க வேண்டியது.

ஆக, என் பரிந்துரை இது. சரக்கின்மேல் முதலாளி போடுவது வணிகப்பொறி. அதைப் பரப்பும் வேலை பொறிப்பு. ஒரு கிளப்பின் நிறமும் சின்னமும் சூடு பூ. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மற்றதைச் சொல்லக்கூடாது.

எங்கள் பையன்கள் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். வேன் வாடகை சின்னத் தொகை இல்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் கருநீல ஜெர்ஸியில் முதல் ஆட்டம். டிஃபென்ஸ் ஆடும் பையனிடம் இடைவேளையில் இந்த இரண்டு சூட்டையும் சொன்னேன். தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டான், பிறகு ஓடிவிட்டான். இரண்டாம் பாதியில் பந்து அவன் காலுக்கு வந்தபோது, கோட்டோரம் நின்ற எங்கள் தெருப் பெரியவர்கள் கத்தினார்கள்: "ஏய் மஞ்சா! லெஃப்ட்ல போடு, லெஃப்ட்ல!"